வெள்ளிக்கிழமை விலா எலும்பு

'இரண்டு வாத்து' கடையில் பீன்ஸ் சட்டி வைப்பது ஒரு நேபாளத்துக்காரராம். அதுவும் நேற்று இன்றல்ல, ஆறு வருஷமாக.

இந்தச் செய்தி வந்து சேர்ந்தபோது திஹோமிர் வுகேலிச் பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார். "உங்களுக்குத் தெரியாம இருக்குமா?" என்றார் மருத்துவர், கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டே. பெல்கிரேடில் எந்தக் கடையில் என்ன ருசி என்று பத்தொன்பது வருஷமாக வாராவாரம் எழுதிச் சம்பாதிக்கும் மனிதர், வாய்க்குள் ஒரு கொக்கியோடு, "ஆ" என்றார். அதை ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவருடைய பல விமரிசனங்களைவிட அந்த 'ஆ'வில் நேர்மை அதிகம்.

திஹோமிர் சாப்பாட்டு எழுத்தாளர் ஆனது ஒரு விபத்து. பத்திரிகையில் அவர் டிராம் ஓடாத தடங்களையும் தண்ணீர் வராத தெருக்களையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். அப்போதிருந்த விமரிசகருக்குக் கால் வீங்கி, டாக்டர் இறைச்சியை நிறுத்தச் சொல்ல, "ஒரு வாரம் பார்த்துக்கோ" என்று பக்கம் இவர் கைக்கு வந்தது. அந்த ஒரு வாரம்தான் இன்னும் ஓடுகிறது. முட்டை பொரிக்கத் தெரியாது. வீட்டில் அவருடைய ராச்சாப்பாடு, டப்பாவில் வரும் ஈரல் விழுதைத் தடவிய ரொட்டியும் ஒரு குவளைத் தயிரும். மனைவி ஓல்கித்சா பிரிந்து போகிற அன்றைக்குக் கேட்டாள்: "ஊர்க்காரன் குழம்புல எல்லாம் உப்பு போதலைன்னு எழுதறீங்க. நம்ம வீட்டு உப்பு டப்பா எங்க இருக்கு, காட்டுங்க பார்ப்போம்." அவர் திறந்து காட்டிய அலமாரியில் ஷூ பாலிஷ் இருந்தது.

ஊரோ அவருக்காக நிற்கவில்லை. சாவி செய்கிறவர் இருந்த பொந்தில் ஜப்பான் நூடுல்ஸ் வந்தது. பத்திரம் எழுதும் ஆபீஸ் இருந்த இடத்தில் ரஷ்யர்கள் கொழுக்கட்டை அவித்தார்கள். அதற்கு எதிரே ஜார்ஜியாக்காரர் படகு மாதிரி ரொட்டி செய்து நடுவில் முட்டையை உடைத்து ஊற்றினார். ஒரு புதுக் கடையில் பீட்ரூட்டை நுரையாக்கிக் கருங்கல்லின் மேல் வைத்துக் கொடுத்தார்கள். கல்லையும் தின்ன வேண்டுமா என்று தெரியாமல் திஹோமிர் பக்கத்து மேஜையைப் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரர் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் அதைப் பற்றி 'துணிச்சலான மௌனம்' என்று எழுதினார். என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. நல்லவேளை.

இந்தச் சுற்றலெல்லாம் முடிந்து, சனிக்கிழமை காலையில் கட்டுரையை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்க, வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் போய் உட்காருகிற இடம் 'இரண்டு வாத்து'. கட்டம் போட்ட மேஜைத் துணி, ஆடும் நாற்காலி, வெள்ளை பீன்ஸையும் கணக்கில்லாத வெங்காயத்தையும் மண்சட்டியில் போட்டு அடுப்புக்குள் வேகவிட்ட அந்தப் பண்டம். அதைப் பற்றி மட்டும் பதினான்கு தடவை எழுதியிருக்கிறார். மொராவா ஆற்றுக்குத் தெற்கே பிறந்த பெண்ணின் கைக்கு மட்டுமே அந்தப் பக்குவம் வரும் என்று ஒரு தடவை. அடியில் போட்டு வேகவைத்த புகையூட்டிய விலா எலும்பு, பரிமாறும் முன் எடுக்கப்பட்டுவிடுவதால், விருந்தினர் வருமுன் பின்வாசல் வழியே கிளம்பிவிடும் கண்ணியவானைப் போல வாசனையை மட்டும் விட்டுச் செல்கிறது என்று இன்னொரு தடவை. இந்தக் கண்ணியவானை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய், பிறகு ஒன்பது கட்டுரைகளில் கூட்டிவந்தார்.

பல் மருத்துவர் வரை வந்த பேச்சு பத்திரிகை ஆசிரியர் தெசான்காவுக்கு வராமல் இருக்குமா?

"தெற்கத்திப் பெண்ணோட கைன்னு எழுதினீங்களே, அது ஆம்பளைக் கையாமே. இமயமலைப் பக்கத்துக் கையாமே," என்றாள்.

"வதந்தி."

"அப்ப போய்ப் பார்த்து எழுதுங்க. எதுவா இருந்தாலும் உண்மையா இருக்கணும். சனிக்கிழமை காலைல என் மேஜைக்கு வரலைன்னா பக்கத்தை நெவேனாகிட்ட குடுத்துடுவேன். அவ நாற்பது விநாடி வீடியோவுல சாப்பிட்டும் முடிச்சிடறா, சொல்லியும் முடிச்சிடறா."

திஹோமிருக்கு வயது ஐம்பத்தெட்டு. அந்தப் பக்கத்தைத் தவிர வேறு தொழில் தெரியாது. அந்தப் பக்கத்தின் தொழிலே தெரியுமா என்பதுதான் இப்போது கேள்வி.

வெள்ளிக்கிழமை வழக்கம்போலப் போனார். கடைக்காரி ஸ்டாமென்கா கல்லாவில் இருந்தாள்.

"வாப்பா எழுத்தாளரே. முகம் ஏன் வீங்கியிருக்கு? யாரைப் பத்தியாவது உண்மையை எழுதிட்டியா?"

"பல்லு. ஸ்டாமென்கா, உள்ளே யார் சமைக்கிறாங்க?"

"ஆறு வருஷம் கழிச்சுக் கேக்கற. நடுவுல பசிக்கலையா?" அவள் எழுந்து திரைச்சீலையை விலக்கினாள். "போய்ப் பாரு. எதையும் தொடாதே."

அடுப்பின் முன் ஒல்லியாக, சுத்தமான ஏப்ரனோடு ஒருவர் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். பெயர் லோகேந்திர கர்த்தி. பழைய சமையல்காரி தன் மகள் வீட்டோடு போய்விட்ட வருஷம் பாத்திரம் கழுவ வந்தவர், மூன்றாம் மாதத்தில் கரண்டியை வாங்கிக்கொண்டார். குளிர்பெட்டியின் கதவு முழுக்கச் செய்தித்தாள் துண்டுகள். திஹோமிர் கிட்டப்போய்ப் பார்த்தார். எல்லாம் அவருடையவை.

"இதைப் படிச்சுத்தாங்க ஐயா செர்பிய மொழி கத்துக்கிட்டேன்," என்றார் லோகேந்திர. "முதல்ல கஷ்டமா இருந்துச்சு. மார்க்கெட்ல போய் 'இந்த வெங்காயம் துணிச்சலான மௌனம் காக்கிறது'ன்னேன். அந்தம்மா அரைக்கிலோ சேர்த்துப் போட்டு அனுப்பிச்சாங்க."

திஹோமிர் சிரிக்க முயன்றார்; பல் வலித்தது.

"பக்குவம் பிரமாதம் மாஸ்டர். அதுவும் அந்த விலா எலும்பை நீங்க எடுக்கற நேரம் இருக்கு பாருங்க—"

லோகேந்திர கத்தியைக் கீழே வைத்தார். "ஐயா, அதைத்தான் உங்ககிட்ட கேக்கணும்னு ஆறு வருஷமா நினைச்சுட்டிருக்கேன். எந்த விலா?"

"அடியில போடற விலா."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைங்க."

"ஆமா?"

"வெள்ளிக்கிழமை நோன்புச் சட்டி. எண்ணெய், வெங்காயம், காய்ஞ்ச சிவப்பு மிளகாய். அந்த மிளகாயைத்தான் புகையில வாட்டறோம். இறைச்சி இந்தப் பக்கமே வராதுங்க."

திஹோமிர் கோயில் பக்கமே போகாத கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் வீட்டில் வளர்ந்தவர். நோன்பு என்ற ஒன்று இருப்பது தெரியும். அது மற்றவர்களுக்கு நேர்வது, மழை பக்கத்து ஊரில் பெய்வதைப் போல. திரைக்கு வெளியே எட்டிப் பார்த்தார். ஸ்டாமென்கா காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

"எப்பலேர்ந்து?"

"என் மாமியார் கடையைத் திறந்த நாள்லேர்ந்து. சுவத்துல எழுதியே இருக்கு, உன் தலைக்கு மேல. நீதான் சுவத்துக்கு முதுகு காட்டி உக்காருவே."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா எழுதறதை நிறுத்திடுவே. நோன்பில்லாதவன் எல்லாம் உன் கண்ணியவானை மோந்து பார்க்கத்தானே வர்றான். நோன்பு இருக்கறவங்களுக்குத்தான் பதில் சொல்ல முடியலை. பாதிரியார் ரெண்டு தடவை வந்து சட்டியை அடி வரைக்கும் கிளறிட்டுப் போனாரு."

திஹோமிர் தன் மேஜைக்குத் திரும்பிச் சாப்பிட்டார். கவனமாக, கண்ணை மூடிக்கொண்டு. விலா எலும்பு இருந்தது. சத்தியமாக வாசனை வந்தது. அதுதான் அவரை மிகவும் பயமுறுத்தியது.

கிளம்பும் நேரத்தில் பரிமாறுகிறவர் ஒரு சிறு கிளாஸில் பிளம் சாராயம் கொண்டுவந்து வைத்தார். "சமையலறையிலேர்ந்து." ஒருவர் அனுப்பிய மதுச் சுற்றுக்குப் பதில் சுற்று அனுப்பாமல் எழுந்து போகிறவனைப் பற்றி இந்த ஊரில் பேரக்குழந்தைகள் காலம் வரை பேசுவார்கள். திஹோமிர் குடித்துவிட்டு உடனே ஒன்று உள்ளே அனுப்பினார். அது தளும்பாமல் திரும்பி வந்தது. மாஸ்டர் குடிப்பதில்லை. காப்பி? இப்போதுதான் ஆயிற்றாம். கடைசியில் லோகேந்திரவே திரையை விலக்கி வந்தார்.

"திங்கட்கிழமை வாங்க ஐயா. அன்னிக்குத்தான் நிஜமா விலா போடுவேன். சாப்பிட்டுட்டு, எழுதாம, வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. சுற்று தீர்ந்துடும்."

அன்று மாலை வீட்டில் முதல் பிரதி எழுதினார். கை எங்கே பிறந்தால் என்ன, அடுப்புக்கு எல்லை உண்டா என்று பெருந்தன்மை வழிந்தது. படித்தபோது அவருக்கே கண் கலங்கியது. மூன்றாம் பத்தியில் பழக்கதோஷத்தில் கண்ணியவான் மறுபடி பின்வாசல் வழியே போய்க்கொண்டிருந்தான். மொத்தத்தையும் அழித்தார். ஈரல் விழுது டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "பத்தொன்பது வருஷமாக இல்லாத எலும்பை மோந்து சம்பளம் வாங்கியிருக்கிறேன்" என்று ஆரம்பித்தார். உப்பு டப்பா, கருங்கல், சுவருக்குக் காட்டிய முதுகு எல்லாம் தானாக வந்து விழுந்தன. சமைக்கிறவரின் பெயரை, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஸ்டாமென்காவிடம் கேட்டு, முழுசாகப் போட்டார்.

தெசான்கா நின்றபடியே படித்தாள்.

"பத்தொன்பது வருஷமும் வெள்ளிக்கிழமை மட்டுமா?"

"மட்டும்."

"பாதிப் பக்கம் வெச்சுக்கங்க. மேல்பாதி நெவேனாவுக்கு."

பாதி என்றாலும் பக்கம் பக்கம்தான் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறார். வாசகர் கடிதங்கள் நிறைய வந்தன. பாதிரியார் மூன்றாம் தடவை வந்து, கிளறாமல் சாப்பிட்டுவிட்டுப் போனாராம். ஒரு வாசகர் மட்டும், எலும்பு இல்லை என்று தெரிந்தபின் ருசி குறைந்துவிட்டது, பழைய கட்டுரையையே மறுபடி போடவும் என்று கேட்டிருந்தார்.

இப்போது சுவரைப் பார்த்து உட்காருகிறார். ஐந்து திங்கட்கிழமைகள் போய்விட்டன. ஒன்றில் டிராம் வரவில்லை, ஒன்றில் பல், ஒன்றில் கடை வாசல் வரை போய் எதிர்ச்சாரியில் கொழுக்கட்டை தின்றுவிட்டுத் திரும்பினார். நிஜமான விலா எலும்பு சட்டிக்குள் கிடந்து, தன் மூக்குக்கு மட்டும் எட்டாமல் போய்விட்டால்?

ஆனால் வெள்ளிக்கிழமை தவறுவதில்லை. அவர் நாற்காலியை இழுத்ததுமே, ஸ்டாமென்கா சமையலறையிலிருந்து வந்த சிறு கிளாஸை மேஜையில் வைக்கிறாள். நேற்றோடு பாக்கி ஆறு.