இருக்கைக்கு அடியில் இருபத்திரண்டு குண்டுகள்

நூலக மண்டபத்தை வாசகர் வட்டக் கூட்டத்துக்கு வழங்க நூலகரின் கையொப்பம் ஒன்றே போதும். விண்ணப்பம் கிடைத்து ஏழு நாட்களுக்குள் ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் பதில் தரப்பட வேண்டும். மதப் பிரசாரமும் கட்சி அரசியலும் இல்லாதவரை, பேச்சின் பொருளை ஆராயும் அதிகாரம் எவருக்கும் கிடையாது. விதி இவ்வளவுதான். என் சேவைக்காலத்தில் இதைவிடத் தெளிவான விதியை நான் அதிகம் கண்டதில்லை. அதனால்தான் அது பின்பற்றப்படவில்லை என்று நினைக்கிறேன். தெளிவான விதியில் ஓர் அதிகாரி ஒதுங்கி நிற்க நிழல் இருக்காது.

எந்த நூலகம் என்று சொல்லமாட்டேன். ஊவா மாகாணத்தில் நூலகங்கள் பல. எனக்கு ஓய்வூதியம் மாதாமாதம் வந்துகொண்டிருக்கிறது; அது அப்படியே வரட்டும்.

விண்ணப்பத்தை எழுதியவன் நான். வாசகர் வட்டத்தின் செயலாளர் என்ற பதவி, மாவட்டச் செயலகமான கச்சேரியில் இருந்து ஓய்வு பெற்றவனுக்கு மற்றவர்கள் கேட்காமலே கொடுப்பது. பேசவிருந்தவர் என் நண்பர், பதுளைக் கடைத்தெருவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முதலாளி. பொருள் என்ற இடத்தில் "டீ-72 யுத்த தாங்கி: வடிவமைப்பும் போர்க்கள வரலாறும்" என்று எழுதினேன். "வாசிப்பின் பயன்கள்" என்று எழுதியிருந்தால் அன்று பின்னேரமே கையொப்பம் கிடைத்திருக்கும். ஆனால் அவர் வாசிப்பின் பயன்களைப் பற்றிப் பேசப் போவதில்லை.

ஆணி விற்கும் மனிதருக்குப் பீரங்கி பூட்டிய தாங்கி எதற்கு என்று கேட்கலாம். இளவயதில் அவர் குவைத்தில் ஒரு மோட்டார் உதிரிப்பாகக் கடையில் வேலை செய்தார். 1990இல் ஈராக்கியப் படை உள்ளே வந்தபோது, அந்தக் கடை வாசலில் ஒரு டீ-72 நின்றது. மேல் மூடியைத் திறந்துகொண்டு ஒருவன் எழும்பி, கையால் தண்ணீர் கேட்டான். இவர் ஒரு போத்தல் கொடுத்தார். அவன் குடித்துவிட்டு, வெற்றுப் போத்தலைத் தூக்கிப் போடாமல் குனிந்து திருப்பிக் கொடுத்தானாம். "என்ட வயசுதான் சேர் ஈக்கும். மீசையும் என்டதைப் போலத்தான், சரியா முளைக்கல்ல."

ஊர் திரும்பிய பிறகு அவர் அந்த மனிதனைத் தேட முடியாமல், தாங்கியைத் தேடினார். கிடைத்ததையெல்லாம் வாசித்தார், கைத்தொலைபேசி வந்த பிறகு பார்க்கவும் செய்தார். நான் தினமும் காலையில் அவர் கடையில் பத்திரிகை வாசிக்கிறவன். காசு மேசைக்குப் பின்னால் அவருடைய உயர்ந்த ஸ்டூல், பக்கத்தில் எனக்கு ஒரு கட்டை ஸ்டூல். அங்கேதான் எட்டு வருடமாக எங்கள் வழக்கு நடக்கிறது. அவர் வாகனத்தின் பக்கம், நான் வரலாற்றின் பக்கம்.

"உரால் மலையடியில ரயில்பெட்டி செய்ற தொழிற்சாலையிலதான் இதையும் செஞ்சாங்க," என்பார் அவர். "ரயில்ல ஏத்தணும், பாலத்துல போகணும். அதுக்கு ஏத்த மாதிரி சின்னதா, பாரம் குறைவா செஞ்சான். பதுளைங்கிற கடைசி ஸ்டேசன்ல இருக்கிற நமக்கு இது விளங்கணும் சேர். சுரங்கத்துக்கு ஏத்த அளவுதானே பெட்டி?"

"சின்னதாகச் செய்ததால் உயரமானவர்களைச் சேர்க்க முடியாமல் போனது, நானா," என்பேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் ஊரில் நானா என்றுதான் அழைப்போம்.

"அது எனக்கு அளவெடுத்துச் செஞ்சது," என்று ஸ்டூலில் நிமிர்ந்து உட்காருவார். அவருடைய கால்கள் தரையைத் தொடாது.

ஆள் உயரம் குறைந்தது மட்டுமல்ல, ஆளும் குறைந்தது. மற்ற நாடுகளின் பெரும்பாலான தாங்கிகளில் நான்கு பேர், இதில் மூவர். குண்டை எடுத்துக் குழாயில் இடும் நான்காமவனின் வேலையை ஓர் இயந்திரம் செய்கிறது. இருபத்திரண்டு குண்டுகளையும் அவற்றின் வெடிமருந்தையும் வட்டமாக அடுக்கிய ஒரு சுழல்தட்டு. கேட்ட குண்டு மேலே வரும். அந்தச் சுழல்தட்டு இருப்பது கட்டளையிடும் கொமாண்டர், சுடும் கன்னர் இருவரின் இருக்கைக்கு நேர் அடியில். இங்கேதான் நாங்கள் பிரிவோம். அது மடமை என்பேன். இடமில்லாத இடத்தில் வேறு எங்கே வைப்பது என்பார் அவர். "கடை நடத்திப் பாருங்க, தெரியும்."

சென்ற ஆவணியில் அவர் சொன்னார்: "சேர், ஒரு நாளைக்கு இதை நாலு பேருக்கு முன்னால சொல்லணும். அந்தப் போத்தல் விசயத்தையும் சேர்த்து. நான் பத்தாம் வகுப்போட கடைக்கு வந்தவன், மைக்குக்கு முன்னால நின்னதில்ல. ஒரு தரம் நின்னாப் போதும்."

அதற்காகத்தான் விண்ணப்பம். திகதி புரட்டாசியில் கேட்டோம்.

ஏழு நாள் போயிற்று. பிறகு ஏழு நாளை எண்ணுவதையே விட்டுவிட்டேன். நூலகர் நல்ல பெண். மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறேன் என்றார். மேலிடம் எது என்று கேட்டேன். அதை மேலிடம்தான் சொல்லும் என்றார். கேட்ட திகதி வந்து போனது. நினைவூட்டல் அனுப்பினேன். அதன் பலனாக ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது: பேச்சாளரின் அடையாள அட்டைப் பிரதி வேண்டும்.

அதைச் சொன்னதும் நண்பர் கொஞ்ச நேரம் பூட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே அடுக்கியிருந்த பூட்டுகள்.

"உங்கட கொப்பியைக் கேட்டாங்களா?"

"இல்லை."

"போன மாசம் கவிதை வாசிச்ச ஆளிட கொப்பி?"

"இல்லை."

"அப்ப விடுங்க சேர். ஒரு சாயபு, தாங்கியைப் பத்திப் பேசுறான்னு எங்கயோ ஒரு ஃபைலைத் திறந்திருப்பாங்க. எனக்கு ரெண்டு பொம்பளைப் பிள்ளைகள், ஒரு கடை. போதும்."

நான் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். என் வாலிபத்தில், போர்க்காலச் சோதனைகளுக்குப் பயந்து, கொழும்புக்கு ரயில் ஏறும்போதெல்லாம் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வெளியே தெரிகிறமாதிரி வைத்துக்கொண்டு போனவன். நம் நாட்டுப் போரில் உருண்டது இந்தத் தாங்கிக்கு முந்திய தலைமுறை. எட்டு வருடத்தில் அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. தூரத்துத் தாங்கிகளைப் பேசுவது சுலபம். ஆகவே அவர் சொன்னது எனக்கு விளக்கம் தேவைப்படாத விசயம். கேட்கப்படாத ஆவணத்தைச் சமர்ப்பிப்பது நடைமுறைக்கு விரோதம். ஆனாலும் என் அடையாள அட்டைப் பிரதியையும், வட்டத்தின் மற்ற அங்கத்தினர் அனைவருடையதையும் வாங்கி, அவர் தயங்கித் தந்த பிரதியோடு சேர்த்து அனுப்பினேன். அனுப்பியவர்களின் பெயர் வரிசையில் அவருடையதை நடுவில் வைத்தேன். பதில் இல்லை.

பெரகலப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் அதிபராக இருந்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் எங்கள் வட்டத்தில் இருக்கிறார். வட்டத்தில் நடைமுறைக்கு மரியாதை கொடுக்காத ஒரே ஆள். அவர்தான் சொன்னார்: "என்னாங்க இது, மண்டபம் இல்லாட்டி பேச்சு வராதா? நானா கடையிலயே வச்சிக்குவோம். அவர் கடையில அவர் பேசுறதுக்கு யாருகிட்ட கேக்கணும்?"

சட்டப்படி யாரிடமும் கேட்கவேண்டியதில்லை. அது எனக்குத் தோன்றாமல் போனதற்கு என் பயிற்சிதான் காரணம்.

அவர் சம்மதிக்க இன்னும் ஒரு கிழமை எடுத்தது. டீச்சர் நேரில் போய், "பயமா இருந்தா தாங்கின்னு சொல்லாதீங்க, உழவு மெசின்னு சொல்லுங்க," என்று சீண்டியதும்தான் சரி என்றார்.

மார்கழி மாதப் பௌர்ணமிப் போயா தினம். கடை விடுமுறை. போயாவன்றும் யாராவது ஓர் இறாத்தல் ஆணிக்கு வந்து நிற்பார்கள் என்பதால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டோம். தகரக் கூரையில் மழை. டீச்சர் நனைந்து வந்தார். வழியில் மண் சரிந்து பஸ் நின்றதாம். சீமெந்து மூட்டைகள் நாற்காலிகளாயின. ஏழெட்டுப் பேர். மைக் இல்லை. ஆனால் நண்பர் வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, மைக்குக்கு முன்னால் நிற்பவரைப் போலவே நின்றார்.

முதலில் தடுமாறினார். பொருட்களைத் தொட்டதும் சரியாகிவிட்டது. பீவீசீ குழாய் பீரங்கியாயிற்று. சீமெந்து குழைக்கும் பெரிய பேசினைக் கவிழ்த்து, பீரங்கி பூட்டிச் சுழலும் கோபுரம் என்றார். இந்தக் கோபுரம் தட்டையாக இருப்பதால் தூரத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. ஆனால் அதே காரணத்தால் குழாய் கீழே அதிகம் குனியாது. "நம்ம மலைக்கு இது சரிவராது. ஹப்புத்தளை உச்சியில கொண்டுபோய் நிப்பாட்டுங்க. நேர் கீழ பெரகலயில டீச்சர் பஸ்ஸுக்கு நிப்பாங்க. டீச்சரை ஒண்ணும் செய்ய ஏலாது."

"நல்லது," என்றார் டீச்சர்.

"பின்னுக்கு எடுக்கிறதுன்னா ஆள் நடக்கிற வேகம்தான். பதுளை ஸ்டாண்டுல வெலிமடை பஸ் ரிவர்ஸ் எடுக்கிறதைப் பாத்திருக்கீங்கதானே? அதைவிட மெதுவு."

பிறகு போர்கள். ஈரானோடு நடந்த நீண்ட போரில் பேர் வாங்கியது. 1991இல் பாலைவனத்தில், தான் பார்க்க முடியாத தூரத்தில் இருந்து வந்த குண்டுகளுக்குப் பேரை இழந்தது. குரோஸ்னி நகரத் தெருக்களில் மாடிகளில் இருந்து சுடப்பட்டது. இப்போது உக்ரேனில், வானத்தில் இருந்து விழும் சின்ன ட்ரோன்களுக்குப் பயந்து தலைக்கு மேல் கம்பிக்கூடு கட்டிக்கொண்டு திரிகிறது. நான் இரண்டு இடத்தில் திருத்தினேன். ஒன்றை ஏற்றுக்கொண்டார், மற்றதற்கு, "செயலாளர் கேள்வி நேரத்துல பேசலாம்," என்றார்.

கடைசியில் இருபத்திரண்டு சின்னப் பெயின்ட் டின்களை வட்டமாக அடுக்கினார். தன் உயர்ந்த ஸ்டூலைக் கொண்டுவந்து, நான்கு கால்களும் டின்களுக்கு நடுவே நிற்க வைத்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். அந்தப் போத்தலின் கதையை அங்கே இருந்துதான் சொன்னார்.

"அவன் எனக்குப் போத்தலைத் திருப்பித் தந்தான். அவன் காலுக்குக் கீழ இது ஈக்கின்னு அன்னைக்கு எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். ஒரு பக்கத்தால சூடான இரும்பு உள்ளுக்குப் பூந்தாப் போதும், எல்லாம் ஒரே தரத்துல வெடிச்சு இந்தக் கோபுரம் வீட்டு உயரத்துக்குப் பறக்கும். தெரிஞ்சிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தான். நான் சேரோட எட்டு வருசம் சண்டை புடிச்சேன், இடமில்லாட்டி வேற எங்க வைக்கிறதுன்னு. இப்பவும் எனக்கு மறுமொழி தெரியாது. ஆனா சேர் சொல்றது சரி. அது ஆள் உக்காரக்கூடிய இடம் இல்ல."

கேள்விகள் உண்டா என்று நான் முறைப்படி கேட்டேன். டீச்சர் கை தூக்கினார்.

"நானா, இந்த ஸ்டூலு எப்பவும் காசு மேசைக்குப் பின்னாலதானே இருக்கும்?"

"ஓம்."

"அதுக்குக் கீழ என்ன இருக்கு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். ஸ்டூல் இல்லாத இடம் வெறுமையாகத் தெரிந்தது. அங்கே பெயின்டில் கலக்கும் தின்னர் டின்கள் இரண்டு வரிசை, டர்பன்டைன் ஒரு வரிசை. அடிக்கடி விற்கும் சரக்கு, கைக்கு எட்டும் இடம். அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு சிரட்டையில், கொசு விரட்டும் நுளம்புச்சுருள் புகைந்துகொண்டிருந்தது.

முதலில் சிரித்தவர் நண்பர்தான். ஸ்டூலில் இருந்து இறங்க முடியாமல் சிரித்தார். தீப்பற்றும் திரவங்களைக் களஞ்சியப்படுத்தும் விதி எனக்கு மனப்பாடம். அந்த வரிசைக்கு ஒரு முழத்தில் எட்டு வருடமாகப் பத்திரிகை வாசித்திருக்கிறேன். "கொமாண்டரும் கன்னரும்," என்று டீச்சர் எங்கள் இருவரையும் காட்டினார். அந்தப் பெயர் இன்றுவரை போகவில்லை.

அன்றைக்கே அந்தத் தின்னர், டர்பன்டைன் டின்களைப் பின்கட்டுக்குக் கொண்டுபோனோம். நுளம்புச்சுருளை நானே அணைத்தேன். இப்போது தின்னர் கேட்டு வருகிறவர்கள் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இடம் கிடைத்ததால் எங்கள் கால்களுக்கு நிம்மதி. பேச்சு முடிந்து பல நாளாகியும் நண்பர் நல்ல முகத்தோடு இருந்தார். ஒன்றை மட்டும் இடைக்கிடை கேட்டார்: "அந்தப் பதில் வராதா சேர்?" நடந்து முடிந்த பேச்சுக்கு அனுமதி எதற்கு என்றேன். "பேசக்கூடாதுன்னு சொன்னாங்களா, பேசலாம்னு சொன்னாங்களா, தெரியணும்தானே. கொப்பி அங்க கிடக்குது."

பிறகு பதில் வந்தது. புரட்டாசியில் நாங்கள் கேட்டிருந்த திகதிக்கே அனுமதி. அவருடைய பெயர் முழுதாக, பிழையில்லாமல். பொருளும் தாங்கி என்ற சொல்லோடு அப்படியே. கீழே எல்லாக் கூட்டங்களுக்கும் போடும் நிபந்தனைகள்: வாகனங்களை மண்டபத்தின் வாசலில் நிறுத்தலாகாது. எளிதில் தீப்பற்றும் பொருட்களை உள்ளே கொண்டுவரலாகாது.

நான் கடிதத்தைக் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

"சீல் சரியா விழுந்திருக்கா?"

"விழுந்திருக்கிறது."

"அப்ப ரெண்டு நிபந்தனையையும் மீறல்லன்னு மறுமொழி எழுதுங்க." எதிர்க் கடைக்குப் போய் அதை லெமினேட் செய்துகொண்டு வந்தார். ஸ்டூலுக்கு நேர் மேலே, கடையின் வியாபார அனுமதிப்பத்திரத்துக்குப் பக்கத்தில், நாலு மூலையிலும் ஆணி அடித்தார். அவருடைய பெயர் வாசலில் நிற்கிறவருக்கும் தெரிந்தது.

லெமினேட் செய்யும் முன் என் வேலையை நான் முடித்திருந்தேன். வலது மேல் மூலையில், என் சின்னக் கையெழுத்தோடு: பெறப்பட்டது, தைப்பொங்கலுக்கு மறுநாள்.