என் கையெழுத்தில் அவள் அம்மா

என் நாடகத்தை என் தோழி திருடிவிட்டாள் என்று போய்ச் சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அவள் பூட்டை உடைத்துக்கொண்டு வரவில்லை. சாவியை நான்தான் கொடுத்தேன். அதுவும் கார்பன் வைத்து, மூன்று பிரதிகள் எழுதிக் கொடுத்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைச் சர்க்கார் முறைப்படி செய்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். வீடு ஸ்ரீவராகத்தில். எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவுமாக ஐந்து பெண்கள் சேர்ந்து தமிழ் நாடகம் போட்டுக்கொண்டிருந்தோம். ஆண் வேஷமும் நாங்களே கட்டுவோம். மூடிப்போன ஒரு நர்சரிப் பள்ளிக்கூடத்தில், இரண்டாம் சனிக்கிழமை லீவில் ஒத்திகை. எழுதுவது நான். மேடையில் எல்லோரையும் ஆட்டி வைப்பது என் தோழி. ஒன்றாம் வகுப்பிலிருந்து நானும் அவளும் ஒரே பெஞ்சு. அவள் ஒரு டியூட்டோரியலில் ஹிந்தி சொல்லிக்கொடுத்தாள். மைக் கெட்டுப்போனாலும் அவள் குரல் கடைசி வரிசைக்குக் கேட்கும். அவளிடம் இருந்த நல்லதையும் சொல்லத்தானே வேண்டும்.

நாடகம் போடுவது பெரிய காரியமில்லை. அதற்குப் பணம் கொடுக்கிறவர்களைச் சகித்துக்கொள்வதுதான் பெரிய காரியம். ஆண்டு மலர் போடுகிறோம், விளம்பரம் கொடுங்கள் என்று கடை கடையாக ஏறி இறங்குவோம். பழவங்காடியில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒரு திருநெல்வேலிக்காரர், "நாடகத்துக்கா? எம்மா, அந்தத் துட்டுக்குப் பிள்ளையாருக்கு விடலைத் தேங்கா போட்டா புண்ணியமாவது கெடைக்கும்லா" என்று சிரித்தார். தம்பானூரில் ஒரு லாட்ஜ் முதலாளி கேட்டவுடனே சம்மதித்தார். ஆனால் தன் மனைவிக்கு மகாலட்சுமி வேஷம் வேண்டும் என்றார். அந்த வருஷம் எழுதிக்கொண்டிருந்ததைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு ஒரு புராண நாடகம் எழுதினேன். மகாலட்சுமிக்கு ஒரு வரி வசனம்கூட மனசில் நிற்கவில்லை. அவள் கையைக் காட்டிக்கொண்டு நின்றாள், நான் திரைக்குப் பின்னாலிருந்து அசரீரி மாதிரி சொன்னேன். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று. எனக்குத்தான் வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை.

பரணில் போட்டது என் அம்மாவின் கதை. எனக்கு எட்டு வயதாகும்போது அப்பா போய்விட்டார். அம்மா தம்பானூரில் ஒரு சந்தில் இரண்டு அறை பிடித்து மெஸ் நடத்தினாள். ரயில்வேக்காரர்கள், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள், லாட்ஜில் தங்கி வேலை தேடும் பையன்கள் எல்லாம் வந்து சாப்பிட்டார்கள். கைம்பெண் ஒருத்தி கண்ட ஆண்களுக்கும் சோறு போடுகிறாள் என்று எங்கள் தெருவில் பேச்சு. விசேஷ நாளில் எங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள். எனக்கு சர்க்கார் உத்தியோகம் கிடைத்த அன்றே அம்மா மெஸ்ஸை மூடினாள். "இனிமே மெஸ்காரி பொண்ணுன்னு உன்னை எவளும் சொல்லப்படாது. அந்தப் பேச்சே நம்மாத்துல வேண்டாம்" என்றாள். அதனால் நான் அவளுக்குத் தெரியாமல்தான் எழுதினேன். பரணிலிருந்து இறக்கி எழுதி முடித்ததும் என் தோழிக்கு மட்டும்தான் வாசித்துக் காட்டினேன். அவள் அழுதாள். அந்த அழுகை நிஜம் என்று இன்றும் நினைக்கிறேன்.

அப்போதுதான் ஒரு கலாச்சார ஸ்தாபனம், மலையாளமல்லாத மொழிகளில் நாடகம் போடும் குழுக்களுக்கு உதவித்தொகை தரப்போவதாகப் பேப்பரில் வந்தது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. இனிமேல் மகாலட்சுமிக்கு அசரீரி சொல்ல வேண்டாமே! ஆனால் ஒரு இடைஞ்சல். சர்க்கார் ஊழியர் ஒருவர் நாடகம் எழுதி, அதற்கு உதவி வாங்க வேண்டுமானால் ஆபீசில் முன் அனுமதி வேண்டும். முன்பு ரேடியோவுக்கு ஒரு சின்ன நாடகம் எழுத அனுமதி கேட்டு நான் போட்ட மனு ஒரு வருஷத்துக்கு மேல் மேஜை மேஜையாக யாத்திரை போய்விட்டு, 'இது இலக்கியமா, வியாபாரமா என்று தெளிவுபடுத்தவும்' என்ற குறிப்போடு என்னிடமே திரும்பி வந்தது. உதவித்தொகைக்கு மனுப்போட மூன்று வாரம்தான் இருந்தது.

"உன் பேரைப் போட்டுடலாம்" என்று நானேதான் அவளிடம் சொன்னேன். சர்க்கார் சம்பளம் வாங்கும் எங்கள் ஊர் ஆட்களுக்கு இது ரத்தத்தில் ஊறிய புத்தி. நிலம் மனைவி பேரில், சீட்டு மச்சினன் பேரில், ஸ்கூட்டர் தம்பி பேரில். காகிதத்தில் யார் பேர் இருந்தால் என்ன, பொருள் நம்முடையதுதானே என்ற நினைப்பு. நாள் முழுக்க காகிதத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவள் நான். காகிதம்தான் கடைசியில் ஜெயிக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். மற்றவர்கள் விஷயத்தில் தெரியும்.

விண்ணப்பம் மலையாளத்தில். எங்கள் ஐந்து பேரில் என் கையெழுத்துதான் முத்து முத்தாக இருக்கும். நாடகாசிரியை என்ற இடத்தில் அவள் பேரை எழுதினேன். 'கதைக்கு ஆதாரம்' என்று ஒரு கட்டம். அதை வெறுமனே விட எனக்கு மனசு வரவில்லை. கமிட்டியில் இருப்பவர்கள் மனசைத் தொட வேண்டுமே! 'ஆசிரியையின் தாயார் கணவரை இழந்தபின் மெஸ் நடத்திக் குடும்பத்தைக் காத்தவர். அவருடைய வாழ்க்கையே இந்த நாடகம்' என்று எழுதினேன். பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ, எங்கம்மா மேலேர்ந்து பாத்தா என்னை அடிச்சே கொன்னுடுவா. உங்காத்துத் தண்ணியைக்கூடத் தொட மாட்டாளே அவ!"

நிஜம்தான். உயிரோடு இருந்தவரை அவள் அம்மா எங்கள் வாசற்படியை மிதித்ததில்லை. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்த வாயை நாலு தட்டுத் தட்டலாம் போல இருக்கிறது இப்போது.

உதவித்தொகை கிடைத்தது. ஒரு சின்ன ஹாலில் நாடகம் போட்டோம். மெஸ்கார அம்மாவாக அவளே நடித்தாள். வந்திருந்த மலையாளிகள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நோட்டீசில் அவள் பேர். பரவாயில்லை என்றுதான் இருந்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு மலையாளப் பத்திரிகையில் அவள் படத்தோடு பேட்டி வந்தது. தன் அம்மா விடியற்காலையில் எழுந்து தம்பானூருக்கு நடந்துபோனதை, கரி அடுப்பை ஊதி ஊதி இருமியதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கினாள் என்று எழுதியிருந்தார்கள்.

பேப்பரை எடுத்துக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போனேன்.

"என்னடி இது? உங்கம்மா எப்போ மெஸ் நடத்தினா?"

"நான் என்ன பண்ணட்டும்? அந்தப் பத்திரிகை ஆள் ஃபாரத்தை வாசிச்சுட்டு வந்திருக்கார். அப்படியொண்ணும் இல்லைன்னு பறஞ்சா கிராண்டைத் திருப்பிக் கேப்பா, கேட்டியா? எழுதினது நீயல்லோ?"

"ஃபாரம் நான் எழுதினேன். கண்ணீரும் நானா எழுதிக் கொடுத்தேன்?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் பொறுடி. கணக்கெல்லாம் முடிச்சு அடச்சப்புறம் உன் பேரைப் போட்டுடலாம். என்னை நம்ப மாட்டியா?"

நம்பினேன். நாற்பது வருஷப் பழக்கம், நம்பாமல் என்ன செய்வேன்? அடுத்த வருஷம் அதே ஸ்தாபனம் அவளுக்கு நாடகாசிரியை என்று இரண்டு வருஷ ஃபெல்லோஷிப் கொடுத்தது. அதற்கு அவள் தனியாக மனுப் போட்டிருக்கிறாள். என்னிடம் மூச்சு விடவில்லை. ஆபீஸ் கேன்டீனில் ஒருத்தி, "உங்க கூட்டுகாரிக்கு ஃபெல்லோஷிப்பாமே, எங்களுக்கெல்லாம் ஸ்வீட் செலவு இல்லையா?" என்று கேட்டபோதுதான் எனக்குத் தெரியும். வாயில் வைத்த வடையை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, என் கைப்பிரதியைத் தூக்கிக்கொண்டு அந்த ஸ்தாபனத்துக்கே போனேன். அங்கே செக்ஷனில் இருந்தவர் மரியாதையான மனுஷர். மலையாளமும் தமிழுமாகப் பேசினார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு ஃபைலை எடுத்து, விண்ணப்பத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது யாரோட கையெழுத்து, சேச்சி?"

"என்னோடது."

"இந்த நாடகப் பிரதியும் அதே கையெழுத்து. ஆனா அவங்க நேரத்தே, முன்னாடியே வந்து சொல்லியிருக்காங்க. நல்ல கையெழுத்துள்ள ஒரு கூட்டுகாரி இருக்கா, நான் சொல்லச் சொல்ல அவதான் எழுதித் தருவான்னு."

பயந்துகொண்டு வாய் மூடியிருந்தாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நான் ஒருநாள் பிரதியோடு வருவேன் என்று யோசித்து, எனக்கு முன்னால் வந்து சொல்லிவைத்திருக்கிறாள். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தது அன்றைக்குத்தான் எனக்கு வலித்தது.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சேச்சி சர்க்கார் சர்வீஸ். அனுமதியில்லாம எழுதினேன்னு எழுதித் தந்தா மெமோ சேச்சிக்குத்தான். பொய்யா ஃபாரம் நிறைச்சதுக்கு வேறே. பெண்ஷன் வரைக்கும் அலையணும். வேண்டாம் சேச்சி, போட்டே, விட்டுடுங்க."

விட்டுவிட்டேன். அவளோடு பேச்சை நிறுத்தினேன். தெருவில் எதிரே வந்தால் நான் குடையைச் சாய்த்துக்கொள்வேன். அம்மா ஏன் என்று கேட்டாள். அவளுக்கு இப்போ பெரிய மனுஷத்தனம் என்று சொல்லி மழுப்பினேன்.

நாடகத்தைப் பெரிய ஹாலில் மறுபடி போட ஏற்பாடானது. நான் ஆபீஸ் போயிருந்த நேரத்தில் அவள் வீட்டுக்கே வந்து, அம்மாவிடம் அழைப்பிதழ் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்தத் தைரியத்தை என்னவென்று சொல்வது? அம்மாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது, முழங்கால் மடங்காது. "தமிழ் நாடகம்கறா. நம்ம தெருப் பொண்ணு வந்து கூப்பிட்டிருக்கா. நான் போயே தீருவேன்" என்று பிடிவாதம். என்ன நாடகம் என்று நான் சொல்லவில்லை. ஆட்டோ வைத்து அழைத்துப் போனேன்.

சாயங்காலம் ஆறரை மணிக்கு அவள் மேடையில் மைக் முன்னால் வந்து நின்றாள். பட்டுப்புடவை, தோளில் பொன்னாடை. "இது என் அம்மாவின் கதை. தம்பானூரில் மெஸ் நடத்தி என்னை வளர்த்த என் அம்மாவின் கதை" என்றாள்.

அம்மா என் பக்கம் சாய்ந்தாள். "ஏண்டி, இவ அம்மா எப்போ மெஸ் நடத்தினா? நம்மாத்து மோரைக்கூடத் தொட மாட்டாளே அவ?"

நாடகம் ஆரம்பித்தது. நடுவில் ஒரு காட்சி. மகளின் பிறந்தநாளன்று மெஸ்கார அம்மா பாயசம் வைக்கிறாள். சாப்பிடுகிறவர்களிடம் விஷயத்தைச் சொன்னால் குழந்தை கையில் ஆளுக்கு ஒரு காசைத் திணிப்பார்கள், அது பிச்சை வாங்கினாற்போல் ஆகும் என்று, "பால் மீந்துபோச்சு, அதான்" என்று சொல்லிப் பரிமாறுகிறாள். அப்படி நடந்தது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

அம்மாவின் கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. "அடியே! என்னைன்னா சொல்றா! என்னைத்தாண்டி அம்மான்னு சொல்லியிருக்கா!"

அவள் முகத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அத்தனை வருஷமும் வாயே திறக்கக் கூடாது என்றவள், முந்தானையால் துடைக்கக்கூடச் செய்யாமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது இதுதான் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லையே என்று நெஞ்சு எரிந்தது.

விளக்குப் போட்டதும் சொல்லிவிட்டேன். பொறுக்க முடியவில்லை. "அம்மா, இதை எழுதினது நானாக்கும். அவ இல்லை. நான்."

அம்மா என்னைப் பார்த்தாள். கோபமில்லை, பாவம் என்று பார்க்கிற பார்வை. "பொறாமைப்படாதேடி. பாயசம் வச்ச விஷயமெல்லாம் நீ சொல்லித்தான் அவளுக்குத் தெரிஞ்சிருக்கும், எனக்குத் தெரியாதா? ஆனா எழுதணும்னு அவளுக்குன்னா தோணித்து. பெத்த பொண்ணு நீ, வருஷாவருஷம் என்னென்னமோ எழுதினே. மகாலட்சுமியைப் பத்திக்கூட எழுதினே."

அப்புறம் கையை நீட்டி, "என்னைக் கொஞ்சம் எழுப்பி விடு. அவளை ரெண்டு வார்த்தை ஆசீர்வாதம் பண்ணணும்" என்றாள்.

மேடைக்கு ஐந்து படிகள். அம்மாவைத் தாங்கிப் பிடித்து, ஒவ்வொரு படியாக நான்தான் ஏற்றிவிட்டேன்.