அந்தக் கதவுக்குப் பின்னால் அடுப்படி

பழைய படங்களில் ஆட்கள் ரொம்பப் பேசுவார்கள். கண்ணாடி முன்னால் நின்று தனக்குத்தானே பேசுவார்கள், செத்துப்போனவர் படத்துக்கு மாலை போட்டுவிட்டுக் கால் மணி நேரம் பேசுவார்கள். இளவயதில் எனக்கு அது பொறுக்காது. "விஷம் குடிச்சவனுக்கு இம்புட்டு மூச்சு எங்கேருந்து வருது?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்பேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். "மனசுல கெடக்குறதைச் சொல்லாட்டி பெறகு எதுக்கு வாயி?" என்பார்.

எங்களுக்குள் நடந்த சண்டைகளில் பாதி இதுதான். அவர் கறுப்பு வெள்ளைக் கட்சி, நான் புதுப்படக் கட்சி. பிள்ளைகள் இல்லாத வீடு. நான் அரசுப் பள்ளி ஆசிரியை, அவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். சனிக்கிழமை மேட்னிக்குப் போவோம், திரும்பி வரும் வழியெல்லாம் சண்டை போடுவோம். புதுப் படங்களில் முகத்தைக் கிட்டத்தில் காட்டி, ஒரு வார்த்தை இல்லாமல் ஒரு பெண்ணின் துக்கத்தைச் சொல்லிவிடுகிறார்களே, அது பெரிய வித்தை இல்லையா என்பேன். "வசனம் எழுத ஆள் கிடைக்கலை, அதான் சும்மா நிக்க வச்சுட்டான்" என்பார். அவரோடு பேசி ஜெயிக்க முடியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவருக்குக் கண்ணில் அழுத்தம் என்றார்கள். மதுரைக்கு நடையாய் நடந்தோம். நரம்பு போய்விட்டது, இனி வராது என்று டாக்டர் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "படம் பாக்க முடியாதா?" என்பதுதான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வேலை போயிற்று. ஆனால் காரைக்குடி அவருக்குள் அப்படியே இருந்தது. நாற்பது வருடம் கண்ணால் பார்த்த ஊர். கம்பை வைத்துக்கொண்டு மாதா கோயிலுக்கும் டீக்கடைக்கும் தனியாகப் போய்வருவார். எந்தச் சாக்கடைக்கு மேல் கல் ஆடும் என்பதுகூடத் தெரியும்.

ஞாயிறு மதியம் ரேடியோவில் ஒலிச்சித்திரம் போடுவார்கள். முழுப் படத்தையும் சத்தமாக மட்டும் கேட்கலாம். அவர் கண் போன பிறகுதான் நான் அதைக் கூடவே உட்கார்ந்து கேட்டேன். அப்போதுதான் பழைய படங்களிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டாலும் ஒன்றும் குறையவில்லை. யார் வந்தார், யார் போனார், யார் மனதில் என்ன இருக்கிறது, எல்லாவற்றையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். நான் கேலி செய்த அந்தப் பேச்செல்லாம் என் வீட்டுக்காரருக்கென்றே எழுதி வைத்தது போல இருந்தது. நான் கொண்டாடிய புதுப் படங்கள்தான் அவரை வெளியே நிறுத்தின.

அதற்காகத் தியேட்டரை விட்டுவிட முடியுமா? "நீ பாத்துச் சொல்லு, நான் கேட்டுக்கிறேன்" என்றார். கடைசி வரிசை மூலையில் உட்கார்ந்து அவர் காதோரம் சொல்ல ஆரம்பித்தேன். "சிவப்புச் சேலை. கையில கடுதாசி. வாசிக்கலை, மடிச்சு வச்சுட்டா." முதலில், "டீச்சர், எங்களையும் கொஞ்சம் படம் பாக்க விடுங்க" என்று அலுத்துக்கொண்டவர்கள் பிறகு பழகிவிட்டார்கள். ஹீரோ மெதுவாக நடந்து வரும் காட்சிகளில் எனக்கு எரிச்சலாக வரும். "நடக்குறான்... இன்னமும் நடக்குறான்..." என்பேன். "பிள்ளையார்பட்டிக்கே போய்ச் சேர்ந்திருப்பான்ல" என்பார் அவர்.

ஞாயிறு பூசை முடிந்ததும் டீக்கடையில் அவர் முந்தைய நாள் படத்தைப் பற்றிப் பேசுவார். எல்லாரும் கேட்பார்கள். "அண்ணன் நல்லாருக்குன்னு சொன்னா போகலாம்" என்பார்கள். வேலையும் கண்ணும் போன மனிதருக்கு மிச்சம் இருந்த மரியாதை அந்தப் பெஞ்சில் இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அந்த வருடங்களில் எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளைப் படப்பிடிப்புக்கு விட ஆரம்பித்திருந்தார்கள். படத்தில் அவை எப்போதும் ஜமீன்தார் வீடுதான். கடல் கடந்து போய்ச் சம்பாதித்து வந்து கட்டிய வீட்டில், மீசை வைத்த ஒருவர் துப்பாக்கியோடு ஊஞ்சலில் ஆடுவார். கோபம் கோபமாக வரும். எங்கள் ஊர் தியேட்டரில் அந்தப் படங்கள் ஓடும்போது யாரும் கதையைப் பார்ப்பதில்லை. யார் வீடு, எந்தக் கட்டு, எந்தத் தூண் என்றுதான் பேச்சு. படத்தில் ஆள் ஒரு கதவைத் திறந்தால், அதற்குப் பின்னால் உண்மையில் என்ன இருக்கிறது என்று நாலு பேர் சத்தம் போட்டுச் சொல்வார்கள். திரையில் சாவு விழுந்திருந்தாலும் அந்தப் பேச்சு நிற்காது.

அப்படி ஒரு படம் வந்தது. நாங்கள் அதைப் பார்ப்பதற்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, எனக்குத் தலைமை ஆசிரியை பதவி உயர்வு ஆணை வந்திருந்தது. பதினெட்டு வருடம் காத்திருந்தது. ஆனால் ஊர் தர்மபுரிப் பக்கம். பதினைந்து நாளுக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நான் போனால் அவர் இங்கே தனி. அவரையும் கூட்டிப் போனால், காலுக்குப் பழகாத ஊரில் இன்னொரு தடவை குருடாவார். ஆணையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பதவி வேண்டும் என்று இருந்தது. அப்படி ஆசைப்படுவதற்கே வெட்கமாகவும் இருந்தது.

சனிக்கிழமை மேட்னி. கதை தெரிந்திருந்தால் கூட்டிப் போயிருக்கவே மாட்டேன். பெரிய வீடு, கால் விளங்காமல் படுத்துக் கிடக்கும் புருஷன், வெளியூரில் வேலை கிடைத்ததை மறைக்கும் பெண்டாட்டி. கடைசிப் பத்து நிமிடம் பேச்சே இல்லை. அவன் தூங்குகிறான். அவள் பையை எடுக்கிறாள். கட்டிலருகே நிற்கிறாள். தூணோரம் இருந்த கதவைத் திறக்கிறாள். "கதவைத் திறக்குறா" என்றதோடு நிறுத்திக்கொண்டேன்.

கீழே பெஞ்சிலிருந்து ஒருவர் கத்தினார். "அங்குட்டுப் போனா அடுப்படிதானப்பா வரும்! ரோட்டுக்கு எப்படிப் போவா?"

தியேட்டரே சிரித்தது. அவரும் சிரித்தார். அந்த வீட்டுக் கல்யாணத்தில் அவரும் சாப்பிட்டவர். என் கையைத் தொட்டு, "என்ன, அடுப்படிக்கா போறா?" என்றார்.

"ஆமா," என்றேன். "அடுப்படிக்குத்தான் போறா. பால் காய்ச்சுறா."

திரையில் அவள் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தாள். "டம்ளர்ல ஊத்தி அவன் தலைமாட்டுல வைக்கிறா. அவன் முழிச்சுப் பாக்குறான். பையைப் பழைய எடத்துலயே வச்சுட்டா." பஸ் புழுதியில் மறைந்தது. நல்லவேளை, பஸ் சத்தத்துக்குப் பதில் வயலின் போட்டிருந்தார்கள். புதுப் படங்களில் அவர் திட்டித் தீர்க்கும் அந்தப் பேச்சில்லாத குறை அன்று எனக்குக் கைகொடுத்தது.

மறுநாள் பூசை முடிந்து, டீக்கடைக்குப் பக்கத்தில் நான் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். அவர் குரல் கணீரென்று கேட்டது.

"இப்பத்தான்யா ஒரு டைரக்டருக்கு நம்ம ஊரு வீட்டைப் பத்தித் தெரிஞ்சிருக்கு. எந்தக் கதவு எங்குட்டுப் போகுதுன்னு சரியா எடுத்திருக்கான். அந்தப் புள்ள அடுப்படிக்குப் போயி, பாலைக் காய்ச்சிக் கொண்டாந்து..."

ஒருவர் சிரித்துவிட்டார். "அண்ணே, நீங்க எந்தப் படம் பாத்தீக? அவதான் பஸ் ஏறிப் போயிட்டாள்ல!"

இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகுதான் அவர்களுக்கு விஷயம் புரிந்தது. ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பினார்கள். அவர் டீயை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

கூட நடக்கும்போது எப்போதும் பிடிக்கும் என் தோளை வீடு வரை பிடிக்கவில்லை. கதவைச் சாத்தியதும் கேட்டார். "இத்தனை வருசத்துல எத்தனை படத்தை மாத்துனே?"

"சத்தியமா இது ஒண்ணுதாங்க."

"அதை நான் எதை வச்சு நம்புறது?"

சேசுவே, அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். நாற்காலியில் உட்கார்ந்து, பார்த்த படங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டார். அதுல அந்தத் தங்கச்சி நெசமாவே பொழச்சாளா? அந்தக் கடுதாசியை மடிச்சுத்தான் வச்சாளா? ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றேன். என் ஆமாம் எனக்கே பொய்யாகக் கேட்டது.

ஒலிச்சித்திரம் போடும் நேரம் வந்தது. ரேடியோவைப் போட எழுந்தேன். "வேண்டாம். மேட்னிக்குக் கெளம்பு. அதே படம். இருக்குறதை இருக்குற மாதிரி சொல்லு" என்றார்.

போனோம். கடைசி வரிசை மூலை. எதையும் விடாமல் சொன்னேன். கடைசிப் பத்து நிமிடம் வந்தது. அவன் தூங்குகிறான் என்றேன். பையை எடுக்கிறாள். நிற்கிறாள். கதவைத் திறக்கிறாள். கீழேயிருந்து இன்றைக்கும் ஒரு குரல் அடுப்படி என்று கத்தியது, இன்றைக்கும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"ரோட்டுக்கு வந்துட்டா. பஸ் நிக்கிது. ஏறிட்டா. திரும்பிப் பாக்கலை."

"போயிட்டாளா?"

"போயிட்டா."

திரையில் ஒருவரும் பேசவில்லை. அவர் சொல்வது போல, மனதில் கிடப்பதைச் சொல்ல அங்கே யாருக்கும் வாயில்லை. எனக்கு இருந்தது. அவர் காதோரம் வைத்த வாயை எடுக்காமலே சொன்னேன். "எனக்கு ஹெச்.எம். ஆர்டர் வந்திருக்கு. தர்மபுரிப் பக்கம். வியாழக்கிழமையே வந்துருச்சு. எனக்குப் போகணும்னு இருக்கு. உங்களை விட்டுட்டுப் போக முடியலை."

விளக்கைப் போட்டுவிட்டார்கள். ஜனங்கள் எழுந்து வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வெளியேறினார்கள். அவர் எழவில்லை. கம்பை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். முறுக்குத் தாள்களைக் கூட்டிப் பெருக்கும் பெண் எங்கள் வரிசைக்கு வந்தபோது கேட்டார்.

"அந்த ஊர்ல தியேட்டர் இருக்கா?"

இருக்குங்க, நல்ல தியேட்டர், வீட்டுக்குப் பக்கத்துலயே என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"தெரியலைங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கையை நீட்டி என் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.