திட்டுவதற்காகக் கற்ற இந்தி

தனக்குப் படிப்பு ஏறாது என்பதில் கஸ்தூரிக்குச் சந்தேகமே இருந்ததில்லை. சங்கரன்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவள் அவள். கரும்பலகைக்கு முன்னால் நிற்கச் சொன்னால் தெரிந்ததும் மறந்துபோகும். உள்ளங்கை வேர்க்கும், பிரம்படி விழும். அந்த அடிக்குப் பயந்தே மறுநாள் இன்னும் கொஞ்சம் மறக்கும். "என் மண்டையில ஒண்ணும் நிக்காது" என்று, மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் அவளே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவாள்.

எண்பத்தாறில் மனோகரனைக் கட்டிக்கொண்டு ஆவடிக்கு வந்தாள். மனோகரன் ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர். எங்கள் பிளாக்கின் மாடியில் அவர்களுக்குக் குவார்ட்டர்ஸ். அவருக்கு ஒருநாள் வடக்கே மாற்றல் வரும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். மனுஷன் உடனே, சமுதாயக் கூடத்தில் சாயங்காலம் நடந்த இந்தி வகுப்பில் மனைவியைச் சேர்த்துவிட்டார்.

வாத்தியார் நல்லவர், அதட்டமாட்டார். ஆனால் கரும்பலகை இருந்தது. கஸ்தூரிக்கு அது போதும். எல்லோரும் 'யஹ் கலம் ஹை' என்று ராகம் போடும்போது அவளும் வாயசைப்பாள். இது பேனா, அது மேஜை என்று யாரிடம் போய் எதற்குச் சொல்வது என்றே அவளுக்குப் புரியவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது வகுப்புக்குப் போகாமலிருக்க ஒரு காரணம் கிடைத்தது. மழை விட்ட பிறகும் அவள் போகவில்லை. மாற்றலும் வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து கஸ்தூரிக்கு அடுத்த வீட்டுக்கு ராம்துலாரி வந்தாள். கான்பூர்க்காரி. அவள் புருஷனும் அதே தொழிற்சாலைதான். பிள்ளைகள் இல்லை. ஒரு கூண்டும் அதற்குள் மிட்டு என்று ஒரு கிளியும் இருந்தன. எங்களுக்கு வாசலில் கீரை விற்ற பொன்னியம்மா பட்டாபிராம்காரி. வடக்கத்திப் பெண்கள் அத்தனை பேரும் அவளுக்குச் சேட்டம்மாதான். "புச்சா ஒரு சேட்டம்மா வந்துகீது. அதாண்ட வெலை சொல்லி முடிக்கறதுக்குள்ள கீரை வாடிப்பூடுது" என்று அலுத்துக்கொள்வாள்.

அந்தச் சித்திரையில் கஸ்தூரி மொட்டை மாடியில் கூழ் வற்றல் பிழிந்து காயவைத்திருந்தாள். காலையிலிருந்து முதுகொடியப் பிழிந்த வற்றல். ராம்துலாரி கம்பளிகளை அலசிவிட்டு வாளித் தண்ணீரைச் சாய்த்தாள். தளம் வாட்டமாக இருந்ததால் தண்ணீர் நேரே வற்றலுக்கு ஓடிவந்தது. கஸ்தூரி குனிந்து வேட்டித் துணியோடு வற்றலை வாரிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு சிரிப்பும் ஒரு வாக்கியமும் வந்தன.

"மே பீ கித்னி புத்து ஹூ."

கஸ்தூரி திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்துவிட்டாள். தொழிற்சாலையில் வடக்கத்தியரோடு பழகி மனோகரனுக்குக் கொஞ்சம் இந்தி தெரியும். அவர் வேலை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"ஏங்க, புத்துன்னா என்னங்க?"

"புத்துவா? முட்டாள்னு அர்த்தம். யார் சொன்னா?"

கஸ்தூரி ஈர வற்றலைப் பிரித்துப் போடப் போய்விட்டாள். அந்த ராம்துலாரி வற்றலை நனைத்தது போதாதென்று, சிரித்துக்கொண்டே முட்டாள் என்றும் சொல்லியிருக்கிறாள். திருப்பித் திட்டாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தாள். தமிழில் திட்டி என்ன பிரயோஜனம்? அவளுக்கு உறைக்க வேண்டும். அப்படியென்றால் அவள் பாஷையில்தான் திட்ட வேண்டும்.

அன்றிலிருந்து கஸ்தூரியின் காது அடுத்த வீட்டில் இருந்தது. இரண்டு பால்கனிகளுக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். ராம்துலாரி புருஷனோடு பேசுவாள், பால்காரரோடு கைஜாடையோடு மல்லுக்கட்டுவாள். மற்ற நேரமெல்லாம் கிளியோடு பேசுவாள். கஸ்தூரி அரிசி களைந்துகொண்டே கேட்பாள். பிடித்த சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டே இருந்து சாப்பாட்டு நேரத்தில் மனோகரனிடம் இறக்குவாள்.

"தும்னேன்னா?"

"நீன்னு அர்த்தம். நீ செஞ்சேம்பாங்கள்லா, அந்த நீ."

"கஹான்னா?"

"சொன்னான்னு அர்த்தம். வகுப்புக்கு அனுப்பினப்போ ஒரு வார்த்தை வரலை. இப்போ என்ன வந்துது உனக்கு?"

அதுதான் அவளுக்கும் ஆச்சரியம். ஒரு தடவை கேட்ட சொல் மறக்கவில்லை. மொட்டை மாடியில் கேட்ட வாக்கியம் சிரிப்புச் சத்தத்தோடு அப்படியே உள்ளே இருந்தது. கரும்பலகை முன்னால் பயம் அடைத்து வைத்திருந்த ஏதோ ஒரு வழியைக் கோபம் இடித்துத் திறந்துவிட்டிருந்தது. ஆடி மாசத்துக்குள் பால்காரரோடு நடக்கும் சண்டை முழுக்கப் புரிந்தது.

புரியப் புரிய வேறு ஒரு தொல்லை வந்தது. திட்டு வார்த்தையைப் பிடிக்கக் காத்திருந்த காதில் வேறு என்னென்னவோ விழுந்தது. "மிட்டு, இன்னிக்கும் உன்னோடதான் பேசணும். இந்த ஊர்ல எனக்கு வேற யாரு?" என்று ஒருநாள் ராம்துலாரி கிளியிடம் சொன்னாள். கஸ்தூரிக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில், மனோகரன் வேலைக்குப் போனபின் அவள் மிக்சியோடும் குழாயோடும் பேசிய நாட்கள் உண்டு. ஆனாலும் புத்து புத்துதான் என்று மனசை இறுக்கிக்கொண்டாள்.

ஆவணி மாசம், புதுச் சேலை கட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள். சண்டைக்குப் புதுச் சேலை எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. பேச்சு முழுவதும் தயாராக இருந்தது. வற்றல், கம்பளி, மரியாதை, அடுத்த வீட்டுக்காரர்கள் நடந்துகொள்ள வேண்டிய முறை எல்லாம் அதில் இருந்தன. கதவு திறந்ததும் உள்ளங்கை வேர்த்தது. எல்லாம் பறந்துபோய் ஒன்றுதான் மிஞ்சியது.

"தும்னே முஜே புத்து கஹா." நீ என்னை முட்டாள்னு சொன்னே.

ராம்துலாரி அவளையே பார்த்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபமோ வருத்தமோ அல்ல. "நீங்க இந்தி பேசறீங்களே" என்று தன் பாஷையில் சொல்லி, கஸ்தூரியின் இரண்டு கையையும் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள். நாற்காலியில் உட்காரவைத்து அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள். அதற்குப் பிறகுதான் கஸ்தூரி சொன்னது அவளுக்கு உறைத்தது.

"எப்போ சொன்னேன்?"

கஸ்தூரி அந்த வாக்கியத்தை அப்படியே ஒப்பித்தாள். மே பீ கித்னி புத்து ஹூ.

ராம்துலாரி தன் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினாள். "மே."

கஸ்தூரிக்கு அப்போதுதான் விளங்கியது. மே என்றால் நான். அந்தச் சொல் அவளுக்குத் தெரியாததல்ல, தினமும் அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து நூறு முறை கேட்டதுதான். 'நானும் எவ்வளவு பெரிய முட்டாள்' என்று அந்தப் பெண் வற்றலைப் பார்த்துத் தன்னையே நொந்து, என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்திருக்கிறாள். இத்தனை நாள் இவ்வளவு பாஷை கற்றும், முதல் வாக்கியத்தை மட்டும் கஸ்தூரி திறந்து பார்க்கவே இல்லை. கோபம் அதைப் பூட்டி வைத்திருந்தது.

"மே புத்து" என்றாள் கஸ்தூரி, தன் நெஞ்சைத் தொட்டு. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டீ பொங்கி அடுப்பு அணைந்தது.

அதன்பிறகு அந்த இடுப்பளவு சுவரில் கிண்ணங்கள் போகாத நாளில்லை. ராம்துலாரி தமிழ் கற்றாள். அவளுக்குக் கோபம் தேவைப்படவில்லை, சந்தோஷத்திலேயே ஏறியது. ஆனால் கஸ்தூரியிடம் பாதியும் பொன்னியம்மாவிடம் பாதியும் கற்றதால் அது ஒரு தினுசாக இருந்தது. ஒருநாள் காலையில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "அக்கா, ஊட்ல சீனி கீதா? நம்ம வீட்ல தீந்துட்டுல்லா" என்று கேட்டாள். என் மனைவி சர்க்கரையைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து விழுந்து விழுந்து சிரித்தாள். கிளியும் விட்டுவைக்கவில்லை. கஸ்தூரியின் குரலிலேயே "ஏங்க" என்று கூப்பிடப் பழகிவிட்டது. மனோகரன் பல நாள் பால்கனிக்கு வந்து ஏமாந்து திரும்பியிருக்கிறார்.

கஸ்தூரியின் நடை மாறியது அந்த நாட்களில்தான். வடக்கேயிருந்து புதிதாக வருகிற குடும்பங்களை ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போவது அவள் வேலையானது. மண்டையில் நிற்காது என்ற பேச்சு அவள் வாயிலிருந்து தானாகவே உதிர்ந்துவிட்டது. மகள் வனஜா வாய்ப்பாட்டுக்கு அழுதபோது மனோகரன் கை ஓங்கினார். கஸ்தூரி குறுக்கே வந்து நின்றாள்.

"அடிச்சா ஏழாம் வாய்ப்பாடு வராதுங்க. உங்க கைதான் அவளுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு இன்னும் எங்க பள்ளிக்கூடத்து வாத்தியார் பிரம்பு பிடிச்ச கையில இருந்த மோதிரம் ஞாபகம் இருக்கு. அவரு சொன்ன கணக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை."

மனோகரன் கையை இறக்கிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மகளோடு உட்கார்ந்து புளியங்கொட்டையை ஏழேழாக அடுக்க ஆரம்பித்தார்.

தொண்ணூற்றைந்தில் ராம்துலாரியின் புருஷனுக்குக் கான்பூருக்கே மாற்றல் வந்தது. கிளிக்கூண்டோடு அவர்கள் வண்டியேறினார்கள். மறுவருஷம் குடியிருப்பில் வேலைக்குப் போகும் தாய்மார்களுக்காகக் குழந்தைகள் காப்பகம் திறந்தபோது, நாலு பாஷைக்காரர்களையும் சமாளிப்பாள் என்று கஸ்தூரியை உதவிக்குச் சேர்த்துக்கொண்டார்கள். புதிதாகச் சேரும் குழந்தைக்கு அவள் முதல் வாரம் எதுவும் சொல்லித்தரமாட்டாள். எதற்கு அழுகிறது, எதற்குச் சிரிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். காப்பகத்தை நடத்திய அதிகாரிகள் வீட்டு அம்மாக்களுக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. கஸ்தூரி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரிசாவிலிருந்து வந்த மினு என்ற குழந்தை அவளையும் தோற்கடிக்கப் பார்த்தது. பேச்சே இல்லை. சுவரோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு மத்தியானம் ஜன்னலில் பூனை ஒன்று வந்து நின்றது. கஸ்தூரி இந்தியில், "பில்லி" என்றாள்.

மினு திரும்பிப் பார்த்தது. "பிலேயி" என்று தன் ஒரியாவில் திருத்தியது.

கஸ்தூரி வேண்டுமென்றே "பில்லாயி" என்றாள். குழந்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து வந்து அவள் மடியருகே நின்று, வாயை நன்றாகத் திறந்து காட்டி, "பி-லே-யி" என்றது. கஸ்தூரி மறுபடி தப்பாகச் சொன்னாள். குழந்தை தலையில் கைவைத்துக்கொண்டது. சாயங்காலம் தாய் கூட்டிப்போக வந்தபோது, மினு கஸ்தூரிக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து, தட்டு, தண்ணீர், காக்காய் என்று ஒவ்வொன்றாகக் காட்டிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. கஸ்தூரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். தாய் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். அந்தப் பாடம் முடிகிற மாதிரி இல்லை.