நாற்பது பேருக்குக் கொழும்பு

போன கிழமை லண்டன் குட்மேய்ஸில் சாமான் வாங்கப் போன இடத்தில், மிளகாய்த்தூள் பைக்கற்றுகளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் போத்தல் இருந்தது. உள்ளே மஞ்சள் நிறத்தூள். மேலே ஆங்கில எழுத்தில் 'கொழும்பு' என்று மட்டும். பிரான்சிலிருந்து வந்ததாம். "அங்கிள், எங்கட ஊர்த் தூள்தான், நம்பி எடுங்கோ" என்றான் கடைக்காரத் தம்பி. விற்க வேண்டிய எதுவும் அவனுக்கு எங்கட ஊர்தான். மூடியோரம் மூக்கை வைத்தேன். மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம். மிளகாய் இல்லை. அதோடு நான் கடையில் இல்லை. எங்கள் கோவிலின் பழைய கார்ப் பார்க்கில், ஒரு பெரிய பானைக்குப் பக்கத்தில் நின்றேன்.

கோவில் என்றதும் கோபுரத்தை நினைத்துவிடாதீர்கள். அது கம்பளம் விற்றவர்கள் விட்டுப்போன கிடங்கு. தகரக் கூரை, மழை பெய்தால் மந்திரம் கேட்காது. அம்மனைக் கிழக்கே பார்த்து வைத்தோம். கிழக்கே இருந்தது கார்ப் பார்க். சுருள் கதவைத் தூக்கிவிட்டால் அவளுக்கு எங்கள் கார்கள் எல்லாம் தெரியும். கற்பூரம் கொஞ்சம் கூடினால் அலாரம் அலறும். அலறினால் கதவை முழுக்கத் தூக்கி, எல்லோரும் கார்ப் பார்க்கில் போய் நிற்க வேண்டும். கவுன்சில் போட்ட நிபந்தனை. அப்படி அரோகரா சொல்லிக்கொண்டே வெளியே ஓடிய நாட்கள் பல.

அந்தக் கிடங்குக்கு ஒரு தலைவர் இருந்தார். பெயர் எதற்கு, தலைவர் என்றால் போதும். அவருடைய பிள்ளைகளே அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்று கேள்வி. இலங்கையில் யுத்த நிறுத்தக் காலம் அது. மேடையில் கொழும்பு என்ற சொல் வந்தால் பல்லைக் கடிப்பார். கொழும்பிலிருந்து பசையுள்ள ஆள் யாராவது வந்தால் அதே பல்லைக் காட்டுவார்.

கோவில் தொலைபேசியை எடுப்பது என் தொண்டு. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தந்தது பெற்றோல் ஸ்டேஷன். பம்ப் எத்தனை, றிசீட் வேண்டுமா, இதற்கு மேல் யார் என்ன பேசினாலும் 'யெஸ், யெஸ்' என்றுவிடுவேன். ஆடி மாதம் ஒருநாள் ஒரு பெண் பேசினாள். மூக்கால் வருகிற இங்கிலீஷ். எனக்குப் பிடிபட்டது மூன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை, கொழும்பு, நாற்பது பேர். 'யெஸ், யெஸ்' என்றேன்.

"கொழும்பிலையிருந்து நாப்பது பேரோ? ஆராம்?" என்றார் தலைவர்.

"தெரியேல்லைத் தலைவர். ஒரு அம்மா கதைச்சவ."

"அப்ப கோச் பஸ் பிடிச்செல்லோ வருகினம். பெரிய ஆக்கள்தான். நீர் உடன மாலைக்குச் சொல்லும்."

ஞாயிற்றுக்கிழமை பட்டு வேட்டியும் கையில் ரோசாப்பூ மாலையுமாகத் தலைவர் வாசலில் நின்றார். வந்தது ஒரு மினிகாப், சின்ன வாடகைக் கார். அதிலிருந்து கறுத்த, சுருண்ட முடிப் பெண் ஒருத்தி இறங்கினாள். வெள்ளைச் சட்டை. தலையில் நாங்கள் உடுக்கிற சாரம் மாதிரிக் கட்டம் போட்ட துணி. இடுப்பில் ஒரு கைக்குழந்தை. சாரதி பின்கதவைத் திறந்து ஒரு பானையை இறக்கி வைத்தான். "கொழும்பு" என்று பானையைக் காட்டிச் சிரித்தாள் அவள்.

தலைவர் மினிகாப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "கோச் எங்கையப்பா?"

"கொழும்பு பானைக்குள்ளயாம், தலைவர்" என்றேன்.

பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்த என் மகள்தான் கேட்டுச் சொன்னாள். பெயர் ஜொஸ்லின் சினாப்பேன். யாரோ ஒரு சின்னப்பனின் பேத்திக்குப் பேத்தி. கரீபியன் கடலில் குவாதலூப் என்று ஒரு தீவு, பிரான்சுக்குச் சொந்தம். அடிமைகளை விடுதலை செய்த பிறகு கரும்பு வெட்ட ஆளில்லை என்று, புதுச்சேரியிலும் காரைக்காலிலும் எங்கள் சனத்தைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்களாம். ஞானஸ்நானம் கொடுத்துப் பெயரை மாற்றினார்கள். பேச்சும் போய்விட்டது. ஆனாலும் காலையில் தேவாலயத்துக்குப் போய்விட்டுப் பின்னேரம் மாலியெமேன் கோவிலுக்குப் போவார்களாம். மாலியெமேன் வேறு யாருமில்லை, எங்கள் மாரியம்மன்தான். பொருள் தெரியாமலே தமிழ்ப் பாட்டு முழுவதையும் காதால் கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்தார்கள்.

வேலைக்கென்று வந்த லண்டனில் குழந்தை மாதம் முந்திப் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. பிழைத்தால் மாலியெமேனின் கண்ணுக்கு முன்னால் நாற்பது பேருக்குக் கொழும்பு கொடுப்பது என்று தீவில் இருந்த ஜொஸ்லினின் தாய் நேர்ந்துவிட்டாள். பிள்ளை இன்னும் விமானம் ஏறக் கூடாது என்கிறார் டாக்டர். அதனால்தான் எங்களிடம் வந்தாள். பானைக்குள் ஆட்டிறைச்சி. அம்மனுக்கு முன்னால் வெட்டாமல் கடையில் வாங்கிச் சமைத்ததற்காக அவள் எங்களிடம் மன்னிப்பு வேறு கேட்டாள்.

"இறைச்சியோ!" தலைவர் அவளுடைய சுருண்ட முடியைப் பார்த்துத் துள்ளினார். "காப்பிலியளின்ரை சூனியத்தைக் கொண்டுவந்து எங்கட அம்மனுக்குக் காட்டுறியளோ? சைவத்திலை ஆடு வெட்டுறதெண்ட கதையே இல்லை!"

இறைச்சி உள்ளே போகக் கூடாது. அதில் எனக்கும் மறுப்பில்லை. வெள்ளிக்கிழமையில் முட்டை பூசின பணிஸைக்கூடத் தொடாத ஆள் நான். ஆனால் ஆடே வெட்டாத சைவமாம்! செருப்புத் தட்டடியில் குந்தியிருந்த சின்னத்துரை அண்ணை தலைவரின் ஊர்க்காரர். மெல்லமாய்க் கேட்டார்: "தலைவர், ஊர் வேள்வியிலை உங்கட கொப்பற்றை கிடாய்க்குத்தானே முதல் வெட்டு? மாலை போட்டுப் பவுடரும் பூசியெல்லோ கொண்டருவியள்?"

"அது அந்தக் காலம்."

"ஓமோம். அப்ப அம்மனுக்குப் பல் இருந்தது. இஞ்சை வந்து கொட்டுண்டுபோச்சு."

சிரிப்பு எழும்பியது. தலைவருக்கு அது பொறுக்கவில்லை. "குளிருது, கதவை இறக்குங்கோ" என்றார். லண்டனுக்கு வருடத்தில் ஒருமுறை வருகிற வெயில் அன்றுதான் வந்திருந்தது. கதவு கறகறவென்று இறங்கியது. ஜொஸ்லின் பானையோடும் பிள்ளையோடும் வெளியே நின்றாள். திட்டவில்லை, அழவுமில்லை. என் மகளிடம் ஒன்றுதான் கேட்டாள். "அப்பா, கதவு பூட்டியிருந்தா அம்மன் பாப்பாவோ எண்டு கேக்கிறா" என்றாள் மகள். 

உள்ளே தீபாராதனை. ஐயர் இளம்பொடியன், தலைவரின் ஸ்பொன்சரில் வந்தவர், தலைவருக்கு முன்னால் இருமக்கூட மாட்டார். அன்றைக்கு என்ன நினைத்தாரோ, கற்பூரத்தைக் குவித்துவிட்டார். அலாரம் ஊரைக் கூட்டியது. கதவு முழுக்க மேலே போனது. சனம் முழுக்கக் கார்ப் பார்க்கில். தீயணைப்பு ஆட்கள் வந்து பார்க்கும்வரை ஒருவரும் உள்ளே போகக் கூடாது, அன்னதானமும் உள்ளே. திறந்த கதவுக்கூடாக, விளக்கு வெளிச்சத்தில் அம்மன் எங்களை நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜொஸ்லின் கொண்டுவந்த காகிதத் தட்டுகளை எடுத்து வைத்துப் பானையைத் திறந்தாள். அந்த மணத்துக்கு முதலில் தட்டை நீட்டியது என் மனைவி. ஒரு வாய் வைத்தவள் நின்றுவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, இது கொழும்பில்லையப்பா. குழம்பு! பிள்ளை பெத்தவளுக்கு வைக்கிற சரக்குக்கறி மாதிரியெல்லோ கிடக்கு!"

கப்பலில் போன குழம்பு, ழகரம் வராத வாய்களில் கிடந்து கொழும்பாகியிருக்கிறது. அதற்காக யாரையும் இளக்காரம் செய்ய எங்களுக்கு உரிமையில்லை. எங்கள் தலைவரும் மேடையில் 'தமிள் வாளவேணும்' என்றுதான் முழங்குவார்.

பிறகு வரிசைதான். ஒவ்வொரு தட்டுக்கும் அவள் அம்மனைப் பார்த்து 'மாலியெமேன்' என்றாள். எண்ணினது அவள்தான், பானை காலியானபோது பிள்ளையைத் தூக்கிக் கதவுக்கு நேரே காட்டினாள். அப்போதுதான் அழுதாள். நான் இறைச்சியை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் தொட்டுக்கொண்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். தலைவரின் மனைவி இரண்டாம் தரமும் தட்டை நீட்டினாள். அதைத் தலைவரும் பார்த்தார். மாலை என்னவாயிற்று என்கிறீர்களா? தன் காருக்குள் தொங்கவிட்டுக்கொண்டு போனார்.

ஜொஸ்லின் பிறகு சில வெள்ளிக்கிழமை வந்தாள். பிள்ளை தேறியதும் தீவுக்கே போய்விட்டதாகக் கேள்வி. அவன் இப்போது மீசை வைத்திருப்பான்.

கிடங்கும் இல்லை. பக்கத்துத் தெருவில் கருங்கல்லில் கோவில் கட்டிவிட்டோம். சுவரில் தலைவரின் படம், கீழே 'கொடைவள்ளல்'. சின்னத்துரை அண்ணை போய்விட்டார். அப்படிக் கேட்க இப்போது ஒரு வாய் இல்லை. கற்பூரத்துக்குத் தடை. மின்விளக்கில் ஆராதனை, அதனால் அலாரமும் அடிப்பதில்லை. பழைய கார்ப் பார்க்கில் மாடிவீடுகள் எழும்பிவிட்டன. அம்மன் இன்றும் கிழக்கேதான் பார்க்கிறாள். எதிரே தானாகச் சாத்திக்கொள்ளும் கறுப்புக் கண்ணாடிக் கதவு. பானையோடு ஒருத்தி வெளியே நின்றால், இனி அம்மனுக்குத் தெரியாது.