எரிக்காத சீட்டு

என் அக்கா புருஷன் சாத்தானைக் கும்பிடுகிறவர் என்று எங்கள் ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவர் முதல் தலைமை டாக்டர் வரை எல்லாருக்கும் தெரியும். எப்படிக் கும்பிட்டார் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆட்டுத்தலை, ரத்தம், மண்டையோடு என்று அவரவர் வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிடுவார்கள். அட போங்கப்பா! கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு அக்காவைக் கூப்பிடுகிற மனுஷன் அவர். ரத்தமாம், மண்டையோடாம்.

நான் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். சமையலறையை ஒட்டி ஒரு சின்ன அறை. கிழக்கே ஒரு ஜன்னல், கைப்பிடி உடைந்த ஒரு நாற்காலி, ஒரு செம்புக் கிண்ணம், தீப்பெட்டி. பழைய எக்ஸ்ரே உறைகளை விரல் நீளத்துக்கு வெட்டி அடுக்கிய சீட்டுகள். அவ்வளவுதான் அவருடைய கோயில். விடியுமுன் எழுந்து கை கால் முகம் கழுவுவார். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். மண்டி போட மாட்டார், தலை குனிய மாட்டார். மூச்சை எண்ணுவார். அதை நெஞ்சுப் படம் எடுக்க வந்த ஒரு புத்த பிக்குவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். பிறகு ஒரு மணிமாலையை உருட்டுவார். சாமி பெயர் எதுவும் கிடையாது, "மறைக்க மாட்டேன், மறைக்க மாட்டேன்" என்பதுதான் நூற்றெட்டுத் தடவையும். உருட்டி முடித்ததும் விடிவெள்ளியைப் பார்ப்பார்.

"நாலு கடையில அரை அரை கிலோ வாங்கின மாதிரி ஒரு மதம்" என்பாள் அக்கா. "கழுவுறது ஒருத்தர்கிட்ட, உருட்டுறது ஒருத்தர்கிட்ட. சாமி மட்டும் யாருக்கும் வேண்டாத சாமி."

"சாமின்னு சொல்லாதே. லூசிஃபர்னா வெளிச்சம் கொண்டு வர்றவன்னு அர்த்தம், விடிவெள்ளிக்கே அதுதான் பேரு. கொண்டு வந்ததுக்குத்தான் அவனைக் கீழே தள்ளினாங்க" என்பார் மாமா. அக்கா இட்லித் தட்டைக் கழுவுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு போய்விடுவாள்.

அவர் பிறவியிலேயே இப்படி இல்லை. ஒரு காலத்தில் ஞாயிறு தவறாமல் ஜெபத்துக்குப் போனவர். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. நாலு வயதில் வயிற்றுக்குள் கட்டி வந்து போய்விட்டது. வேறொரு ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். முதல் படத்திலேயே அந்த டாக்டருக்குத் தெரிந்திருக்கிறது. 'மனசு உடைஞ்சிடுவீங்க' என்று நினைத்து ஐந்து மாதம் சத்து டானிக் எழுதிக் கொடுத்திருக்கிறார். அடக்கம் செய்த அன்று ஜெபக் கூட்டத்துக்காரர்கள் வந்து எல்லாம் ஆண்டவன் சித்தம் என்றார்கள். "தெரிஞ்சவன் மறைச்சான். அதுக்குப் பேரு சித்தமா?" என்று கேட்டுவிட்டு வந்தவர்தான், திரும்பப் போகவில்லை. என்னென்னவோ படித்தார். கடைசியில் இந்த ஜன்னலண்டை வந்து உட்கார்ந்தார்.

அந்தச் சீட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். தினமும் கடைசியாக ஒரு சீட்டை எடுத்து, 'நேற்று எதை மறைத்தேன்?' என்று தன்னையே கேட்டு எழுதுவார். ஒன்றும் இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதி உடனே கிண்ணத்தில் எரித்துவிடுவார். இருந்தால் எரிக்கக் கூடாது. சீட்டு கிண்ணத்துக்கு அடியில் கிடக்கும். யாரிடம் மறைத்தாரோ அவரிடமே போய்ச் சொல்லிவிட்டு வந்துதான் எரிக்கலாம். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், "உங்க பொண்ணு பாட்டு நல்லா இருக்குன்னு சொன்னேன், நல்லா இல்லைங்க" என்று சொல்லிவிட்டு வந்து நிம்மதியாகத் தீக்குச்சி கிழித்தார். அந்த ஆள் ஒரு வருஷம் எங்களோடு பேசவில்லை. இதில் இன்னொரு விதி உண்டு. அவரவர் மறைத்ததை அவரவர்தான் சொல்ல வேண்டும், அடுத்தவன் வாயிலிருந்து பிடுங்கக் கூடாது. இந்தப் பாழாய்ப்போன விதி மட்டும் இல்லாவிட்டால் இன்றைக்கு அவர் உயிரோடு இருந்திருப்பார்.

மாமா எக்ஸ்ரே பிரிவுக்குப் பொறுப்பாளர். நான் அவருக்குக் கீழே அதே அறையில் பதினாலு வருஷமாகப் படம் எடுக்கிறவன். எங்கள் வேலையில் ஒரு சின்ன சாமான் உண்டு. ஈயத்தில் வார்த்த எழுத்து, இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று. பிலிம் தட்டின் ஓரத்தில் அதை ஒட்டிப் படம் எடுத்தால், படத்தில் எது இடது எது வலது என்று தெரியும். நாள் முழுக்க வருகிறவர்கள் நெஞ்சைத் தட்டில் அழுத்தி, எங்களுக்கு முதுகு காட்டி நிற்பார்கள். அவர்களுடைய இடது எங்களுக்கும் இடதுதான். கை தானாகப் போய் எழுத்தை ஒட்டிவிடும். ஆனால் ஸ்ட்ரெச்சரில் வருகிறவர் மல்லாந்து படுத்திருப்பார், தட்டு முதுகுக்கு அடியில் போகும். கால் பக்கம் நின்று பார்த்தால் அவருடைய இடது நம்முடைய வலது. அப்போது கையை நிறுத்தி, ஒரு நொடி யோசிக்க வேண்டும்.

நான் யோசிக்கவில்லை. அதுதான் கதை. இனிமேல் என்ன மூடி மறைக்கிறது?

அன்று காலை பத்தரை மணி. வெளியே முப்பது பேர் வரிசை. பஸ் இடித்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பூட்டு, சாவி கடை வைத்திருப்பவரின் மனைவி. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நான் தட்டை முதுகுக்கு அடியில் செருகினேன், எழுத்தை ஒட்டினேன், எடுத்தேன். மாமா வேறொருத்தருக்கு முதுகெலும்புப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். படத்தோடு நான் நீட்டிய ஆஸ்பத்திரிச் சீட்டில், படத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண்ணுக்கு இடப்பக்க நுரையீரல் சுருங்கி, காற்று அடைத்து, இதயத்தையே வலப்பக்கம் தள்ளியிருந்தது. என் எழுத்து மாறியிருந்ததால் படத்தில் இதயம் சரியான இடத்தில் இருப்பதுபோலவே தெரிந்தது. டாக்டருக்குச் சந்தேகம் வரவில்லை. அடைத்த காற்றை எடுக்க, நன்றாக இருந்த பக்கத்தில் துளை போட்டுக் குழாய் செருகினார். பதினைந்து நிமிஷத்தில் அவள் போய்விட்டாள்.

மத்தியானம் மாமா அந்தப் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி வெகுநேரம் பார்த்தார்.

"இது படுக்க வச்சு எடுத்ததுதானே?"

"ஆமா மாமா."

"எழுத்தை எந்தப் பக்கம் நின்னு வச்சே?"

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"மாமா, வேலை போயிடும் மாமா. ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"போகும்" என்றார். அவருக்கு ஆறுதல் சொல்ல வராது. "விசாரணை வைப்பாங்க. நீயே சொல்லிடு. நான் பார்க்காம கையெழுத்துப் போட்டதை நான் சொல்றேன். உன்னோடதை நீ சொல்லு. உனக்காக நான் சொல்ல மாட்டேன், பொய்யும் சொல்ல மாட்டேன்."

சரி என்று தலையாட்டினேன். சத்தியமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

விசாரணை வைப்பதற்குள் ஊர் தீர்ப்பே எழுதிவிட்டது. படத்தில் பக்கம் மாறியதும், கையெழுத்து மாமாவுடையது என்பதும் வெளியே தெரிந்ததும், சாத்தானுக்குப் பலி கொடுத்துவிட்டான் என்றார்கள். பலியாம்! இருபத்தாறு வருஷம் அவர் எடுத்த படத்தை வைத்துப் பிழைத்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. மூன்றாம் நாள் மாமா நடைபாதையில் வரும்போது சாவிக் கடைக்காரர் அவர் சட்டையைப் பிடித்தார். "என் பொண்டாட்டியை எவனுக்குடா கொடுத்தே?" என்று கத்திக்கொண்டே கதவோடு சேர்த்துத் தள்ளினார். மாமா கை தூக்கவில்லை. கதவுக்கும் நிலைக்கும் நடுவில் மாட்டி மணிக்கட்டு உடைந்தது. நான் ஐந்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். 'அவர் இல்லைய்யா, நான்தான்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை.

அந்தக் கையை நான்தான் படம் எடுத்தேன். வேறு ஆள் இல்லை. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டின் மேல் கையை வைத்தார். நான் எழுத்தை எடுத்தேன்.

"இடது கை" என்றார். "சரியா வை."

கிண்டலா, கோபமா, ஒன்றும் தெரியாத குரல். அதைக் கேட்டதற்குப் பதில் அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் மாமாவிடம், "எழுத்தை மாத்தி வச்சது நீங்கதானே?" என்றார்.

"கையெழுத்து என்னோடது. பார்க்காம போட்டேன், அது என் தப்பு. எழுத்தை வச்சது நான் இல்லை."

"அப்போ யாரு?"

"வச்சவங்க சொல்லுவாங்க. அவங்களோடதை நான் எடுத்துச் சொல்லக் கூடாது. என் வழக்கம் அது."

"என்ன வழக்கம்? சாத்தான் வழக்கமா?" என்றார் ஓரத்தில் இருந்தவர். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். மாமா திரும்பி என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும் என்று நினைத்தாரோ என்னவோ. எதிர்ச் சுவரைப் பார்த்தபடி எனக்காகக் காத்திருந்தார். பிறகு என் முறை வந்தது. "எனக்கு ஞாபகம் இல்லைங்க, அன்னிக்கு ஒரே கூட்டம்" என்றேன். அந்த ஒரு வரிக்கு அவர் வேலை போயிற்று. அவர் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் வீட்டிலேயே கிடந்தார். நான் போனால் காபி கொடுக்கச் சொல்வார், என் பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பார். "எப்போ சொல்லப் போறே?" என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டார். "பார்க்கலாம் மாமா" என்றேன். அதன்பிறகு கேட்கவில்லை. நானும் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

விடிவெள்ளி எப்போதும் காலையில் தெரியாது. மாதக்கணக்கில் சாயங்காலம் மேற்கே தெரியும், பிறகு ஒரு வாரம் பத்து நாள் எங்கேயும் தெரியாது, அதற்கப்புறம்தான் கிழக்கே வரும். அப்படி எங்கேயும் தெரியாத நாட்களில் மாமா ஒரு வேளைதான் சாப்பிடுவார், யாரோடும் பேச மாட்டார். 'அவன் கீழே போயிருக்கான், நான் மட்டும் மேலே உட்கார்ந்து தின்னணுமா?' என்பது அவர் கணக்கு. இந்த முறை ஆறாம் நாள் காலையில் அக்கா காபியோடு போனபோது, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி நாற்காலியில் இருந்தார். ஜன்னல் திறந்திருந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது, ராத்திரியே இதயம் நின்றிருக்கிறது.

ஜெபக் கூட்டத்திலிருந்து ஒருத்தரும் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அந்தத் தரை துடைக்கும் அம்மா மட்டும் வந்தாள். நாலு பேர் சேர்ந்து மின்சார மயானத்தில் வைத்துவிட்டு வந்தோம்.

வாசலில் செருப்பைக் கழற்றும்போது அக்கா செம்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். உள்ளே ஒரு வெற்றுச் சீட்டு.

"நீதானே?" என்றாள்.

"மாமா சொன்னாரா?"

"சொல்லலை. வேற எவனா இருந்தாலும் 'அவன் பேரைச் சொல்ல மாட்டேன், ஆனா அவன் யாருன்னா'ன்னு புலம்பவாவது புலம்பியிருப்பார். உன் பேரு வந்தாலே தண்ணி குடிக்க எழுந்து போவார். ரெண்டு மாசம் எத்தனை செம்புத் தண்ணி குடிச்சார் தெரியுமாடா?" அழவில்லை. "அவரோட சாமியை நான் ஒருநாளும் நம்பினதில்லை. உன்னை நம்பினேன். இதை எடுத்துக்கிட்டுப் போ. இந்த வாசப்படியை இனிமே மிதிக்காதே."

எழுத ஒன்பது நாள் ஆயிற்று. இடது எழுத்தை வலப்பக்கம் வைத்தது நான், என்று ஒரு வரிதான். எழுதியதும் எரித்துவிடலாமா என்று தீக்குச்சியைக்கூடக் கிழித்தேன், வெட்கம் கெட்டவன். பிறகு அணைத்துவிட்டு, மறுநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுச் சாவிக் கடைக்குப் போனேன்.

கதவளவு அகலத்தில் ஒரு கடை. சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் தொங்கின. அவர் ஒரு சாவியை இயந்திரத்தில் பிடித்து அரைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்ட்ரெச்சர், எழுத்து, விசாரணையில் நான் சொன்ன வரி, எதையும் விடவில்லை. இயந்திரத்தை நிறுத்தினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். பாதி வெட்டிய சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"அப்போ அந்த மனுஷன் செய்யலையா?"

"இல்லைங்க."

"நான் கையை உடைச்சேனே. ஒரு வார்த்தை சொல்லலையே அவரு."

"அவர் வழக்கம் அதுங்க."

பூட்டோடு வந்த ஒரு ஆளை 'அப்புறம் வாங்க' என்று கையைக் காட்டி அனுப்பினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ என்கிட்ட வந்து சொல்லிட்டே. நான் அவர்கிட்ட எங்கே போய்ச் சொல்றது?"

எனக்கும் மாமாவிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. சீட்டு சட்டைப் பையிலேயே இருந்தது.