வளைந்த கோல்

பேனர் கடையில் டிசைனர் வேலை என்றால், ஊரில் யாருக்கு எந்தப் பட்டம் என்று மவுஸைப் பிடித்தபடி முடிவு செய்கிற வேலை. வில்லியனூரில் ஆறு வருஷம் அதைத்தான் செய்தேன். தமிழில் பி.ஏ. முடித்துவிட்டு, கஸ்டமர் எழுதியதை அப்படியே அடி என்று தினமும் திட்டு வாங்குகிறவர்களே, இது உங்களுக்காக.

அள்ளிக் கொடுக்கும் கோல்

பிறந்தநாள் பேனருக்கு வந்த இளைஞர் அணிக்காரர் ஒருவர், தன் தலைவருக்கு ‘கொடுங்கோலே வருக’ என்று போடச் சொன்னார். செங்கோலை எல்லாரும் போட்டுவிட்டார்களாம். கொடு என்றால் கொடுப்பது, ஆகவே அள்ளிக் கொடுக்கிற கோல் என்பது அவர் நினைப்பு. நான் விடவில்லை. இந்தக் ‘கொடு’வுக்கு வளைந்தது என்று பொருள், நேராக நின்றால் செங்கோல், நியாயம் கோணினால் கொடுங்கோல், அதைப் பிடித்தவன் கொடுங்கோலன் என்று விளக்கினேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “வளைஞ்சிருந்தா இன்னாக்கா, கம்பு நம்ம கையிலதானே இருக்குது?”

எல்லா அதிகாரமும்

பாகூர்க் கல்யாணம் ஒன்று. மாப்பிள்ளை படத்துக்குக் கீழே ‘எங்கள் சர்வாதிகாரி’ என்று நண்பர்கள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ப்ரூஃப் பார்க்க மணப்பெண்ணே வந்துவிட்டாள். சர்வம் என்றால் எல்லாம், எல்லா அதிகாரமும் உள்ளவர். திருவிதாங்கூர்ப் பக்கம் மரியாதையான உத்தியோகப் பெயராக இருந்தது, வசவானது பிறகுதான் என்றேன். அழித்துவிடவா என்றும் கேட்டேன். “இருக்கட்டும் அக்கா. எல்லா அதிகாரமும் அவருக்குன்னா, துணி தொவைக்கிற அதிகாரமும் அவருக்குத்தானே?”

ஒரு சாவி

சேதராப்பட்டுக் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் செல்வியும் நாலு பெண்களும் வந்தார்கள். கழிப்பறைச் சாவியை சூப்பர்வைசர் தன் சட்டைப் பையில் வைத்திருக்கிறாராம். போய்க் கேட்டால், எதற்கு என்று எல்லார் முன்னாலும் சொல்ல வைக்கிறாராம், மாதவிடாய் நாளில்கூட. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘கொடுங்கோல் ஒழிக’ என்று பெரிய எழுத்தில் அடித்து, அதன் பொருளையும் சொல்லிக் கொடுத்தேன்.

முதலாளி பதறிவிட்டார். அந்தக் கம்பெனிதான் நமக்கு லேபிள் ஆர்டர் தருகிறது, கொடுங்கோலை எடுத்துவிட்டு ‘வேண்டுகோள்’ என்று போடு என்றார். அது வேறு கோள், இது வேறு கோல் என்றேன். மாற்று, இல்லையென்றால் நாளையிலிருந்து வராதே என்றார். மெஷினில் பேனர் பாதி வந்திருந்தது. மீதியும் வரும்வரை நின்றேன். சுருட்டிச் செல்வி கையில் கொடுத்துவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். முதுகுக்குப் பின்னால் முதலாளி சொன்னது: “தமிழ் படிச்ச பொண்ண வேலைக்கு வச்சேன் பாரு, என்னச் சொல்லணும்.”

கம்பெனி வாசலில்

அடுத்த வாரம் செல்வி போன் செய்தாள். கம்பெனி கேட்டுக்கு எதிரே பேனரைக் கட்டிய அன்றே சூப்பர்வைசர் வந்து, யாரையாவது கை நீட்டி அடித்தேனா, எனக்கு ஏன் இந்த வார்த்தை என்று கத்தினாராம். இவளும் ஒரு பதில் சொல்லியிருக்கிறாள். மூன்றாம் நாள் சாவி கழிப்பறைக் கதவோரம் ஆணியில் தொங்கியது. அப்படி என்னதான் சொன்னாய் என்று கேட்டேன். “வளைஞ்சிருக்குதுன்னுதான் சார் எழுதியிருக்கோம், நிமித்திடுங்க, நாங்களே கழட்டிடுறோம்னு சொன்னேன்.”

தமிழ் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல எனக்கு இன்னும் பதில் தெரியாது, ஆனால் எப்படிப்பட்ட வேலையைத் தலை நிமிர்ந்து விட்டுவிட்டு வரலாம் என்று நன்றாகத் தெரியும்.